கோடையில் பெரிய ஏரியில் கிராப்பி: கிராங்க்பெய்ட் இழுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து ஐ-55 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் மிசிசிப்பி மாநிலத்தின் நாலு பெரிய ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: அர்க்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனேடா. கோடையில் என் சனிக்கிழமைகள் பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் கழிகின்றன. வேலைக்காக இந்தப் பக்கம் வந்து சேர்ந்த நம்மவர்கள் "கோடையில் கிராப்பி கிடைக்குமா, எப்படி?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிராப்பி என்பது என்ன மீன்?

வட அமெரிக்காவின் நன்னீர் மீன். உள்ளங்கை போலத் தட்டையான உடம்பு, வெள்ளி நிறம், மேலே கரும்புள்ளிகள். பாஸ் மீனும் இதுவும் ஒரே குடும்பம். வெள்ளை கிராப்பி, கறுப்பு கிராப்பி என்று இரண்டு இனம் உண்டு. நிறத்தை நம்பிப் பிரிக்க வேண்டாம். முதுகுத் துடுப்பின் முன்பக்கம் இருக்கும் முட்களை எண்ணுங்கள். ஐந்து அல்லது ஆறு என்றால் வெள்ளை, ஏழு அல்லது எட்டு என்றால் கறுப்பு. கலங்கல் தண்ணீர் ஏரிகளில் வெள்ளைதான் அதிகம்.

பெயரைக் கேட்டால் நமக்குத் தலைமுடிக் கிராப்பு ஞாபகம் வரும். லூசியானா பக்கம் போனால் இதே மீனுக்கு 'சாக்கலே' என்று பெயர். ஃப்ளோரிடாவில் 'ஸ்பெக்' என்பார்கள். கடையில் கேட்கும்போது குழம்ப வேண்டாம்.

எடை ஒரு பவுண்டு இருந்தால் நல்ல மீன். இரண்டு பவுண்டு இருந்தால் படம் எடுத்து ஊருக்கு அனுப்பலாம். கிரெனேடா ஏரியின் பெயரே மூன்று பவுண்டு மீன்களால் பரவியது. வெள்ளை கிராப்பியின் உலக சாதனை 5 பவுண்டு 3 அவுன்ஸ். அது 1957 இல் பிடிபட்டது ஈனிட் ஏரியில், அதுவும் ஜூலை 31 அன்று. கோடையில் கிராப்பி கடிக்காது என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

வசந்தத்தில் கரையில் நின்றே பிடிக்கிறார்களே, கோடையில் ஏன் இவ்வளவு பாடு?

தண்ணீர் 60 முதல் 68 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போது கிராப்பி முட்டையிடக் கரையோரம் வரும். அப்போது ஒரு தக்கையும் சின்ன மீனும் போதும். முட்டையிட்டு முடிந்ததும் அது ஆழத்துக்குத் திரும்பிவிடும். ஜூலையில் இந்த ஏரிகளின் மேல்தண்ணீர் 85, 90 டிகிரியைத் தொடும். செல்சியஸ் கணக்கில் சொன்னால் 30 டிகிரியைத் தாண்டிய வெந்நீர். அந்த நேரத்தில் கிராப்பி கரையிலும் இல்லை, தண்ணீருக்குள் கிடக்கும் மரக்குவியலிலும் மொத்தமாக இல்லை. திறந்த தண்ணீரில், அடியும் தொடாமல் மேலும் வராமல், நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. ஷாட் என்ற சின்ன மீன் கூட்டம் எங்கே நகர்கிறதோ அதன் பின்னால் இதுவும் நகரும். ஷாட் நம்ம ஊர் சாளை, மத்திக்குத் தூரத்துச் சொந்தம்; கூட்டமாகத்தான் திரியும்.

ஆக, கோடையில் மீன் பசியில்லாமல் இருப்பதாக நினைக்காதீர்கள். வெப்பத்தில் அதன் உடம்பு வேகமாக எரிக்கிறது, நிறையத் தின்கிறது. சிக்கல் அது சிதறிக் கிடப்பதில்தான். கிரெனேடா கோடை மட்டத்தில் சுமார் 35,000 ஏக்கர். அவ்வளவு தண்ணீரில் ஓரிடத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டால் நாள் போய்விடும். படகை ஓட்டிக்கொண்டே இரையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனால், ஒரு காலையில் பல மைல் தண்ணீரைச் சலித்துப் பார்த்துவிடலாம்.

கிராங்க்பெய்ட் என்றால் என்ன?

மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொய் மீன். வாயருகே ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி மீனைக் கீழே தள்ளும், பக்கவாட்டில் ஆட்டவும் செய்யும். தகடு நீளமும் சாய்வும்தான் அது எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும். பெரும்பாலானவை மிதக்கும் வகை. இழுப்பதை நிறுத்தினால் மேலே வந்துவிடும். இந்தப் பக்கத்தில் எல்லோர் படகிலும் கிடப்பது பாண்டிட் 300. இரண்டு அங்குல நீளம். ஜூலையில் அந்த வருடம் பிறந்த ஷாட் குஞ்சும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், அது தற்செயல் இல்லை. பெர்க்லி ஃப்ளிக்கர் ஷாட், ராப்பாலா ஷாட் ராப் ஆகியவற்றின் 5 ஆம் எண் அளவுகளும் நன்றாக வேலை செய்யும்.

சின்ன கிராப்பிக்கு இவ்வளவு பெரிய இரையா என்று முதலில் எனக்கும் சந்தேகம் இருந்தது. அதன் வாயைத் திறந்து பார்த்ததும் தீர்ந்துவிட்டது.

எந்த ஏரிகளில் இது எடுபடும்?

பெரியதாக, திறந்ததாக, அடித்தளம் ஓரளவு சமமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன நாலும் அப்படித்தான். 1927 இல் மிசிசிப்பி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு வெள்ளத்தைத் தடுக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணைகள் இவை: சார்டிஸ் 1940, அர்க்கபட்லா 1943, ஈனிட் 1952, கிரெனேடா 1954. குளிர்காலத்தில் தண்ணீரை இறக்கி வெள்ளத்துக்கு இடம் வைப்பார்கள், வசந்தத்தில் நிரப்புவார்கள். அதனால் நீர்மட்டத்தைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. அர்க்கபட்லாவில் 2023 இல் அணையில் பழுது கண்டு தண்ணீரையே வெகுவாக இறக்கினார்கள்.

ஜாக்சன் அருகே உள்ள ராஸ் பார்னெட், மிசௌரியின் ட்ரூமன், கென்டக்கி ஏரி எல்லாவற்றிலும் இந்த முறை உண்டு. கென்டக்கி ஏரி வேறு கணக்கு: 1,60,000 ஏக்கர், 184 மைல் நீளம். மின்சாரத்துக்காக அணை திறந்தால் உள்ளே நீரோட்டம் வரும். அது ஏன் முக்கியம் என்பதை வேகம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மீன் எந்த ஆழத்தில் இருக்கும் என்று எப்படித் தெரியும்?

கோடையில் ஆழமான ஏரிகளில் தண்ணீர் அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான, காற்றுப்பட்ட தண்ணீர். கீழே குளிர்ந்த, கனமான தண்ணீர். இரண்டும் கலக்காது. நடுவில் வெப்பம் சட்டென்று இறங்கும் அடுக்குக்குத் தெர்மோக்லைன் என்று பெயர். மேலிருந்து புதுக் காற்று வராததாலும், அடியில் மக்கும் குப்பை ஆக்சிஜனைத் தின்றுவிடுவதாலும் அதற்குக் கீழே மீன் தங்க முடியாது. சோனாரின் (ஒலியலையை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) உணர்திறனைக் கூட்டி வைத்தால் இந்த அடுக்கு புகைமூட்டமான கோடு போலத் திரையில் தெரியும். அதற்குக் கீழே இரையை விடுவது வீண். ஏரியின் முக்கால் பாகத்தை இப்படித் தள்ளிவிடலாம் என்பதால் எனக்கு இந்தக் கோடு மேல் தனி அன்பு.

சார்டிஸ், கிரெனேடா போன்றவற்றின் ஆழம் குறைந்த பரப்புகளில் காற்று தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் கோடு தெளிவாக இருக்காது. அங்கே நான் 15 முதல் 20 அடி ஆழமுள்ள இடத்தில் இரையை 8 முதல் 12 அடியில் ஓட்டுகிறேன்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கிராப்பியின் கண் மேல்நோக்கி அமைந்தது. தலைக்கு மேலே இரண்டு மூன்று அடியில் போகும் இரைக்கு ஏறி வந்து கடிக்கும். காலுக்குக் கீழே போவதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சோனாரில் மீன் 12 அடியில் தெரிந்தால் இரை 10 அடியில் போகட்டும்.

அந்த ஆழத்துக்கு இரையை எப்படிக் கொண்டு போவது?

நாலு விஷயம் ஆழத்தைத் தீர்மானிக்கும்: தகட்டின் அளவு, வெளியே விட்ட நரம்பின் (தூண்டில் நூலின்) நீளம், நரம்பின் தடிமன், வேகம். இதில் ஆழத்துக்காக நிமிடத்துக்கு நிமிடம் மாற்ற வசதியானது நீளம்தான்.

பாண்டிட் 300 அட்டையில் 8 முதல் 12 அடி என்று போட்டிருக்கும். அது வீசிச் சுருட்டுகிறவர்களுக்கான கணக்கு. 100 அடி நரம்பை விட்டு இழுத்தால் அந்த 12 அடியைத் தொட்டுவிடும், தாண்டவும் செய்யும். நரம்பு மெலிதாக இருந்தால் தண்ணீர் தடுப்பது குறையும், இரை இன்னும் இறங்கும். 10 பவுண்டு இழுவையைத் தாங்கும் நரம்பில் இறங்குகிற ஆழம் 14 பவுண்டில் இறங்காது. அதனால் எல்லா ரீலிலும் ஒரே வகை, ஒரே தடிமன் போடுங்கள். இல்லாவிட்டால் கணக்கே தப்பிவிடும்.

நீளத்தைக் கூட்டக் கூட்ட ஆழம் அதே விகிதத்தில் கூடாது. முதல் 50, 60 அடிக்குள்ளேயே பெரும்பகுதி இறங்கிவிடும். 150 அடிக்குப் பிறகு விடுவது பெரும்பாலும் சிக்கலைத்தான் கூட்டும்.

ஆழத்தைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. மரக்கட்டை இல்லாத, சமமான 12 அடித் தளத்தைக் கண்டுபிடியுங்கள். வழக்கமான வேகத்தில் போய்க்கொண்டே நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தகடு தரையைத் தட்டியதும் தூண்டில் கம்பின் நுனி தடதடவென்று வேறு மாதிரி ஆடும். அந்த அடியைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு இரைக்கும் இப்படிப் பார்த்து, அதன் வயிற்றில் நிரந்தர மையால் எழுதி வைத்திருக்கிறேன். நண்பர்கள் மளிகைக்கடை விலைச்சீட்டு என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

வேகம் எவ்வளவு?

மணிக்கு 1.5 மைலில் ஆரம்பியுங்கள். கால் மணி நேரம் கடி இல்லையா, 0.1 கூட்டுங்கள். 2.0 வரை போகலாம். என் குறிப்பேட்டில் அதிகம் வருவது 1.7, 1.8. வசந்தத்தில் ஜிக் என்ற ஈயத்தலைக் கொக்கியும் சின்ன மீனும் வைத்துப் படகுக்கு முன்னால் தள்ளுகிறவர்கள் அரை மைல் வேகத்தில் ஊர்வார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஓட்டமாகத் தெரியும். இரை வேகமாகக் கடந்து போகும்போது மீனுக்கு யோசிக்க நேரம் இல்லை, பாய்கிறது, அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான இடம். ஜிபிஎஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். இரைக்கோ தண்ணீரைப் பொறுத்த வேகம்தான் தெரியும். கென்டக்கி ஏரியில் அணை திறந்திருக்கும்போது நீரோட்டத்தை எதிர்த்து 1.7 இல் போனால் இரை அதைவிட வேகமாக ஆடும். திரும்பி ஓட்டத்தோடு அதே 1.7 இல் வந்தால் இரை சோம்பிப் போகும். கிழக்கே போகும்போது ஆறு மீன், மேற்கே வரும்போது ஒன்றுமில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தீர்வு கம்பின் நுனியில் இருக்கிறது. நல்ல வேகத்தில் நுனி எப்படித் துடித்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, திரும்பும்போதும் அதே துடிப்பு வரும்வரை மோட்டாரைக் கூட்டிக் குறையுங்கள்.

அப்புறம், நேர்கோட்டில் மட்டும் போகாதீர்கள். மெதுவாக வளைந்து வளைந்து போங்கள். வளைவில் வெளிப்பக்க இரைகள் வேகமெடுக்கும், உள்பக்க இரைகள் தளரும். கடி தொடர்ந்து வெளிப்பக்கம் விழுந்தால் மீன் வேகம் கேட்கிறது. உள்பக்கம் விழுந்தால் குறையுங்கள். கேட்காமலே கிடைக்கும் பதில் இது.

என்னென்ன சாமான் வேண்டும்?

அடியை எண்ணிக் காட்டும் ரீல், அதாவது லைன் கவுண்டர் ரீல். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 92 அடியில் கடித்தது என்றால் எல்லாவற்றையும் 92 க்கு மாற்றலாம்; எண் இல்லாத ரீலில் அது முடியாது. கம்பு மென்மையாக வளைகிற வகையாக இருக்கட்டும். கம்பை நிறுத்தி வைக்க உறுதியான ராட் ஹோல்டர்கள், நீளக் கைப்பிடி வலை, முள் கழற்ற மூக்குக் குறடு, சோனார். மோட்டார் மின்சாரத்தில் ஓடும் டிரோலிங் மோட்டாராக இருந்து, தானாக வழி பிடிக்கும் வசதியும் இருந்தால் உங்கள் இரண்டு கையும் சும்மா இருக்கும். சும்மா இருக்கும் கைக்கு இந்தத் தொழிலில் நிறைய வேலை உண்டு.

நரம்பு 10 அல்லது 12 பவுண்டு மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான். பின்னல் நரம்பு நீளாது. கிராப்பியின் வாயோ காகிதம் மாதிரி. இங்கே அதற்குக் காகிதவாய் என்றே பட்டப்பெயர். கொஞ்சம் நீண்டு கொடுக்கும் மோனோதான் அந்த வாயைக் கிழிக்காமல் வைத்திருக்கும்.

எட்டுக் கம்பு போட்டால் ஒன்றோடொன்று சிக்காதா?

சிக்கும். முதல் வருடம் ஒரு நல்ல மீன் கடித்த இடத்துக்குத் திரும்பிப் போகிற அவசரத்தில் படகைச் சட்டென்று திருப்பினேன். எட்டு இரையும், ஒவ்வொன்றிலும் இரண்டு மும்முள் கொக்கி, ஒரே உருண்டையாக வந்தன. பிரிக்க முயன்று அரை மணி நேரம் போனது, கடைசியில் கத்திதான்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது: படகின் முன்பக்கம் நீளமான கம்பு, பின்னால் போகப் போகக் குட்டை. 14, 12, 10, 8 அடி என்று இருபுறமும் வைத்தால் நரம்புகள் தள்ளித் தள்ளி விரியும். ஆழம் குறைவாக ஓடுவது வெளியே, ஆழமாக ஓடுவது உள்ளே. திருப்பம் பெரிய வட்டமாக, பேருந்து திரும்புவது போல. ஒரே ஆள் என்றால் நாலு கம்புக்கு மேல் போகாதீர்கள். இன்னும் அகலமாக விரிக்க நினைத்தால் பிளேனர் போர்டு என்ற மிதவைப் பலகையை நரம்பில் மாட்டலாம். அது தண்ணீரில் பக்கவாட்டில் விலகிப் போய் இரையையும் கூட்டிப் போகும்.

இரை ஒரு பக்கமாகவே ஓடுகிறது. குறைபாடுள்ள பொருளா?

புதிதாக வாங்கியதும் அப்படி ஓடுவது சகஜம். படகின் பக்கத்தில் நரம்பைக் குறைவாக விட்டு இழுத்துப் பாருங்கள். உங்களை நோக்கி வரும்போது இடப்பக்கம் ஒதுங்கினால், மூக்கை உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, நரம்பு கட்டும் வளையத்தைக் குறடால் வலப்பக்கம் ஒரு முடியளவு வளையுங்கள். மறுபடி பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அவசரப்பட்டு வளைத்தால் வளையமே ஆடிப்போகும். சரியாக ஓடாத ஒரே இரை பக்கத்து மூன்று நரம்பையும் கெடுக்கும் என்பதால் இதைக் கரையிலேயே முடித்துவிடுவது நல்லது.

எந்த நிறம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான். கலங்கல் தண்ணீரில் ரோஸ், ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள்பச்சை. தெளிந்த தண்ணீரில் ஷாட் போல வெள்ளி, வெள்ளை. ஆரம்பத்தில் நாலு நிறம் போடுங்கள், எது மூன்று மீன் தருகிறதோ அதை இன்னும் இரண்டு கம்பில் மாட்டுங்கள். ஆழமும் வேகமும் தப்பாக இருந்தால் கடையில் இருக்கிற எந்த நிறமும் உதவாது.

ஏரியில் எங்கே ஆரம்பிப்பது?

அணை கட்டுவதற்கு முன் ஓடிய பழைய ஆற்றின் தடம் வரைபடத்தில் தெரியும். அந்தத் தடத்தின் விளிம்பு, அதை ஒட்டிய சமவெளி, பெரிய கிளைகள் ஏரியோடு சேரும் வாய். ஓட்டுவதற்கு முன் பத்து நிமிடம் சோனாரோடு சுற்றுங்கள். ஷாட் கூட்டம் உருண்டை உருண்டையாகத் தெரிய வேண்டும். ஷாட் இல்லாத அழகான விளிம்பைவிட ஷாட் இருக்கிற சாதாரணத் தண்ணீர் மேல். ஒரு மீன் விழுந்ததும் அந்த இடத்தைக் குறித்து, பெரிய வட்டமடித்து மறுபடி அதே வழியாக வாருங்கள். எதிர்த்திசையில் வந்தால் கடிக்காமலும் போகலாம். அப்போது முதலில் போன திசையிலேயே போங்கள்.

காலையிலா, மாலையிலா?

விடியலில் குளிர்ச்சியாக இருக்கும், உங்களுக்கு நல்லது. மீன் என்னவோ என் அனுபவத்தில் ஒன்பது மணிக்கு மேல், சூரியன் ஏறியபிறகுதான் ஒழுங்காகக் கடிக்கிறது. ஆகஸ்ட் மாத மிசிசிப்பி மதியம் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்தது, சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. தண்ணீர் நிறையக் கொண்டு போங்கள். மாலையில் இடிமழை திடீரென்று கிளம்பும். கிராஃபைட் கம்பு மின்சாரம் கடத்தும். வானத்தைப் பார்த்து நிற்கும் நீளக் கம்பு எட்டோடு இடி நேரத்தில் ஏரி நடுவில் இருப்பது மீனுக்காகச் செய்யக்கூடிய முட்டாள்தனங்களில் பெரியது. முதல் உறுமல் கேட்டதும் சுருட்டிக்கொண்டு கரைக்கு வாருங்கள்.

கடித்ததும் என்ன செய்வது?

ஓங்கி இழுக்காதீர்கள். படகின் ஓட்டமே முள்ளை ஏற்றிவிட்டிருக்கும். படகை நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தினால் மற்ற இரைகள் எல்லாம் மேலே மிதந்து ஒன்றாகக் கூடிவிடும். டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி) தளர்வாக வைத்து, ஒரே சீராகச் சுருட்டுங்கள். கம்பை மேலும் கீழும் ஏற்றி இறக்கினால் வாயில் ஓட்டை பெரிதாகும். மீன் மேலே வந்து பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு வரும். வலையை முன்பே தண்ணீரில் வைத்திருங்கள். தூக்கி எடுக்க நினைத்தால் நல்ல மீனெல்லாம் படகின் ஓரத்தில்தான் போகும்.

நுனி துடிப்பதை நிறுத்திவிட்டால் இரண்டு காரணம்: இலையோ பாசியோ தகட்டில் சிக்கியிருக்கிறது, அல்லது சின்ன மீன் ஒன்று மாட்டிக்கொண்டு சும்மா கூடவே வருகிறது. எதுவானாலும் சுருட்டிப் பாருங்கள். செத்த இரையை ஒரு மணி நேரம் இழுத்த அனுபவம் எனக்கு உண்டு.

பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளுகிறார்களே, அது என்ன?

இரைக்குச் சில அடி முன்னால் இரண்டு மூன்று அவுன்ஸ் ஈயக்குண்டைக் கட்டி, படகின் மூக்கிலிருந்து நீளக் கம்புகளில் இறக்கித் தள்ளிக்கொண்டு போவது. நரம்பு கொஞ்சமே வெளியே இருப்பதால் மரக்கட்டைகளுக்கு இடையே வளைந்து போகலாம், ஆழம் துல்லியமாக நிற்கும். ஆனால் கனமான குண்டுக்குத் தடித்த கம்பு, தடித்த ஹோல்டர் எல்லாம் வேண்டும். புதியவர்கள் இழுப்பதில் ஆரம்பியுங்கள்.

இரை அடியில் மாட்டிக்கொண்டால்?

இந்த ஏரிகளின் அடியில் வெட்டி விட்ட மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் நிற்கின்றன. மாட்டும். நரம்பை வெடுக்கென்று இழுக்காமல், படகைத் திருப்பி இரைக்கு அந்தப் பக்கம் போய் எதிர்த்திசையில் இழுங்கள். பாதி நேரம் கழன்றுவிடும். மிதக்கும் வகை என்பதால் நரம்பைத் தளர்த்தினாலே தானாக விடுபடுவதும் உண்டு. கழலாவிட்டால் நரம்பு வழியாக நழுவிப் போய்த் தட்டும் கனமான குண்டு ஒன்று கடையில் கிடைக்கும். ஒரு நாளில் இரண்டு இரை போவதைச் செலவுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேறு மீன் மாட்டுமா?

வெள்ளை பாஸ், கெளுத்தி, டிரம், எப்போதாவது 'கார்' (gar) என்ற நீள மூக்கு மீன். பத்து பவுண்டு கெளுத்தி எட்டு நரம்பில் நடுவில் ஒன்றைப் பிடித்தால் படகில் இருக்கும் எல்லோருக்கும் வேலைதான். கார் மீனை மட்டும் கையால் தொடாதீர்கள், பல் ஊசி மாதிரி.

கண்ணெதிரே மீனைக் காட்டும் லைவ் சோனார் வந்தபிறகும் இது தேவையா?

கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப்பை 2018 இல் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு ஒற்றைக் கம்போடு ஒவ்வொரு மீனாகத் தேடிப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பெரிய மீன் ஒன்றைக் குறிவைக்க அதற்கு நிகரில்லை. ஆனால் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வார நாளெல்லாம் நான் செய்வதே அதுதான். இழுப்பதில் நாலு பேர் பேசிக்கொண்டே போகலாம், எட்டு வயதுப் பிள்ளைகூடச் சுருட்டலாம். விலையும் ஒரு காரணம்.

உரிமம், அளவு, எண்ணிக்கை?

மீன்பிடி உரிமம் கட்டாயம். நீங்கள் வேறு மாநிலத்தில் குடியிருந்தால் வெளிமாநிலத்தவர் உரிமம். மிசிசிப்பி வனவிலங்கு, மீன்வளத் துறையின் இணையத்தளத்திலேயே வாங்கலாம். இந்த நாலு ஏரிகளிலும் 12 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியை வைத்துக்கொள்ள முடியாது என்பது நெடுநாள் விதி. ஒருவர் எத்தனை மீன் எடுக்கலாம், எத்தனை கம்பு போடலாம் என்பது ஏரிக்கு ஏரி, ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. கிளம்புவதற்கு முன்தினம் பாருங்கள். அளவுப் பலகை படகிலேயே இருக்கட்டும். அதிகாரி வந்து அளக்கும்போது "பார்க்க 12 மாதிரிதான் இருந்தது" என்பது எடுபடாது.

சின்னதைத் திருப்பி விட்டால் பிழைக்குமா?

வெந்நீர்க் காலத்தில் எல்லாம் பிழைப்பதில்லை. அதனால் சீக்கிரம்: கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், குறடால் முள்ளை எடுங்கள், உடனே விடுங்கள். மும்முள் கொக்கி இரண்டும் ஆழமாக ஏறியிருந்தால் நேரமாகும் என்பதால் நான் முள்ளின் கொடுக்கை நசுக்கி வைத்திருக்கிறேன். மீனுக்கு மட்டுமல்ல, என் விரலுக்கும் அது நல்லது. வைத்துக்கொள்கிற மீனைப் படகுத் தொட்டியில் போடாமல் நேராக ஐஸ் பெட்டிக்கு அனுப்புங்கள். 88 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் மதியம் வரை கிடந்த மீன் சதை குழைந்துவிடும்.

எப்படிச் சமைப்பது?

உள்ளூர்க்காரர்கள் முள்ளில்லாமல் சதையை அறுத்து, சோளமாவில் புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் போடுவார்கள். கூடவே சோளமாவில் செய்த ஹஷ்பப்பி என்ற உருண்டை. அருமையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவி அரை மணி ஊறவைத்து, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் புரட்டி எடுப்போம். மெல்லிய சதை, ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். குழம்புக்கு மட்டும் போடாதீர்கள், கரைந்து காணாமல் போய்விடும். அதற்கு அந்தப் பத்து பவுண்டு கெளுத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.